17 வீடு சேர்ந்து மண்டியில சாமான் எடுக்கறோம், கணக்கையும் மனஸ்தாபத்தையும் எப்படி சமாளிக்கறது?

லாஸ்பேட்டைக்காரி

எல்லாருக்கும் வணக்கம். நான் பாண்டி லாஸ்பேட்டை. எங்க தெருவும் பக்கத்து அபார்ட்மெண்டும் சேர்ந்து 17 வீடு, பொங்கல் முடிஞ்சதுலேர்ந்து மாசத்துக்கு ஒரு தடவை அரிசி, துவரம்பருப்பு, உளுந்து, மல்லாட்டை (நிலக்கடலை) எண்ணெய், புளி, மிளகா எல்லாம் மொத்தமா மண்டியில எடுத்து பிரிச்சுக்கறோம். லாபம்னு யாரும் வைக்கறதில்ல, வாங்கின விலையோட குட்டியானை வாடகையும் இறக்குக்கூலியும் சேர்த்து வகுத்துக்கறது, அவ்ளோதான். ஐடியா மாடி வீட்டு அக்காவோடது, ஆனா சாமான் எறங்கறது எங்க ஹால்ல, ஏன்னா எங்களுதுதான் கீழ் வீடு, கேட்டும் அகலம்.

விலை குறையுதுங்கறது உண்மைதான், அதைவிட பெரிய விஷயம் அரிசி மாசாமாசம் ஒரே மாதிரி வருது, போன தடவை நல்லாருந்துச்சே இந்த தடவை ஏன் குழையுதுன்னு கேக்கவே வேண்டியதில்ல. அதனால நிறுத்த மனசில்ல. ஆனா மூணு நாலு விஷயம் தலைவலியா இருக்கு.

ஒண்ணு, பேர் குடுத்துட்டு எடுக்காம விடறது. போன மாசம் ரெண்டு வீடு "ஊருக்கு வந்துட்டோம், அடுத்த மாசம் பாத்துக்கலாம்"னு வாட்ஸ்அப்ல போட்டுட்டாங்க, ரெண்டு சிப்பம் (மூட்டை) அரிசி இன்னும் எங்க டிவி ஸ்டாண்டு பக்கத்துல நிக்குது, காசு என்னோடது. கேட்டா சண்டை, கேக்கலன்னா நஷ்டம்.

அடுத்தது எண்ணெய். டின்னு மேல 15ன்னு போட்டிருக்கு, மாடி வீட்டு அக்கா லிட்டர் பாட்டில் வச்சு 15 வீட்டுக்கு ஊத்தினாங்க, ஊத்தி முடிச்சும் டின்ல ஒன்றரை லிட்டர்கிட்ட மிச்சம். எப்படி மிஞ்சுச்சுன்னு எங்களுக்கே புரியல, ஆனா குரூப்ல ஒருத்தர் "அப்ப இதுக்கு முன்னாடி மாசமெல்லாம் மிஞ்சினது எங்க போச்சு"ன்னு ஒரு கேள்வி போட்டாரு பாருங்க, அக்கா ரெண்டு நாள் கீழ இறங்கி வரல. பருப்புல நேர்மாறு, 50 கிலோ மூட்டைய பிரிச்சா கடைசி ஆளுக்கு எப்பவும் அரைகிலோ பத்த மாட்டேங்குது.

அப்புறம் தக்காளி வெங்காயமும் சேர்த்து எடுக்கலாம்னு பாதி பேர் சொல்றாங்க, எனக்கு இஷ்டமில்ல. கடலூர் பக்கம் விவசாயிங்ககிட்ட நேரடியா அரிசி எடுக்க முடியுமான்னும் தெரியணும். ரெஜிஸ்டர் பண்ணணுமா, ஜிஎஸ்டி கிஜிஎஸ்டி வருமான்னு எங்க வீட்டுக்காரர் பயமுறுத்தறாரு, "பேசாம கடையே வச்சுடு"ன்னு நக்கல் வேற. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

---

மஞ்சக்குப்பம்77

அக்கா உங்க எண்ணெய் புதிருக்கு மொதல்ல விடை சொல்லிடறேன், உங்க மாடி வீட்டு அக்கா மேல ஒரு தப்பும் இல்ல. டின்ல போட்டிருக்கிற 15 கிலோ, லிட்டர் இல்ல. மல்லாட்டை எண்ணெய் ஒரு லிட்டர் சுமாரா 910 கிராம்தான் இருக்கும், அப்ப 15 கிலோ டின்னுல பதினாறரை லிட்டர்கிட்ட வரும். அந்த ஒன்றரை லிட்டர் அதுதான். இதை குரூப்ல போட்டு அந்த ஆளுக்கு பதில் சொல்லிடுங்க. கிலோ 200 ரூபான்னு வச்சுக்கங்க, டின் 3,000. அதை லிட்டர்ல அளந்துட்டு அதே 200 வாங்கினீங்கன்னா டின்னுக்கு 300 ரூபா பக்கம் கூட வந்துரும், வேணும்னே இதை வச்சு சம்பாதிக்கறவங்களும் இருக்காங்க. எண்ணெய்ய எப்பவும் தராசுல வச்சுதான் ஊத்தணும், வெறும் பாட்டிலை வச்சு ஜீரோ பண்ணிட்டு 910 வர்ற வரைக்கும் ஊத்துனா ஒரு லிட்டர், முடிஞ்சுது. கடை பாக்கெட்டு கூட இப்ப 800, 850ன்னு இஷ்டத்துக்கு வருது, விலைய ஒப்பிடறப்ப பின்னாடி திருப்பி கிராம் பாத்துட்டு ஒப்பிடுங்க.

பருப்பு குறையறது சேதாரம். மூட்டையில தூசி போகும், பிரிக்கறப்ப கீழ சிந்தும், ஒவ்வொரு பையிலயும் தராசு முள்ளு அஞ்சு பத்து கிராம் கூட நிக்கும், 40 பைன்னா எல்லாம் சேர்ந்து அரைகிலோ ஆச்சு. நாங்க 50 கிலோ மூட்டைய 49 கிலோன்னு வச்சுதான் வெலை வகுக்கறோம். மிஞ்சினா பொதுப்பணம், மிஞ்சலன்னா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க.

இப்ப முக்கியமானதுக்கு வர்றேன். பணம் முன்னாடி வரலன்னா பேரு எழுதாதீங்க. "அக்கா எனக்கு ரெண்டு சிப்பம்"னு மெசேஜ் போட்டா அது ஆர்டர் இல்ல, ஜிபேல காசு வந்தாத்தான் ஆர்டர். எங்க குரூப்புல 20ம் தேதி ராத்திரி வரைக்கும் பணம், 21 காலையில லிஸ்ட் மூடிடுவோம், அதுக்கப்புறம் எங்க அம்மாவே கேட்டாலும் கிடையாது (கேட்டாங்க, குடுக்கல, ஒரு வாரம் பேச்சு வார்த்தை இல்ல). மொதல்ல மூஞ்சி சுளிப்பாங்க, ரெண்டு மாசத்துல பழகிடும். பணம் கட்டிட்டு வந்து எடுக்கலன்னா மூணு நாள் பாப்போம், அப்புறம் யார் வேணும்னாலும் அதை எடுத்துக்கலாம், எடுத்தவங்க குடுக்கற காசு கட்டினவங்களுக்கு திரும்ப போகும். உங்க கைக்காசு மட்டும் எதுலயும் மாட்டக்கூடாது, அதுக்கு வேற வழி எனக்குத் தெரிஞ்சு கிடையாது.

ஜிஎஸ்டி பத்தி. 2022 ஜூலை 18லேர்ந்து பேக் பண்ணி லேபிள் ஒட்டின அரிசி பருப்பு மாவுக்கு 25 கிலோ வரைக்கும் 5 சதவீதம் போட்டாங்க, 25க்கு மேல போனா கிடையாது, மூட்டையிலேர்ந்து சில்லறையா அளந்து குடுக்கறதுக்கும் கிடையாது. அதான் மில்லுக்காரங்க எல்லாம் ராவோட ராவா 26 கிலோ சிப்பத்துக்கு மாறினாங்க. நீங்க 26 எடுத்து ரெண்டு வீட்டுக்கு 13 13ன்னு பிரிச்சுக்கலாம். மண்டியில கேக்கறப்ப சிப்பம் எத்தனை கிலோன்னு தெளிவா கேட்டுக்கங்க, சிப்பம் விலைய மட்டும் பாத்து 25க்கும் 26க்கும் வித்தியாசம் தெரியாம ஏமாறவங்க ஜாஸ்தி.

தக்காளிக்கு நானும் வேணாம்னுதான் சொல்லுவேன். ஒரு கிரேட் எறக்குனா மொதல்ல வர்றவங்க நல்லதா பொறுக்கிட்டு போயிடுவாங்க, வேலைக்கு போயிட்டு ராத்திரி ஏழு மணிக்கு வர்றவங்களுக்கு நசுங்கினதுதான். அங்கதான் குரூப் உடையும்.

---

ரெயின்போநகர்_மாடிவீடு

ஹால்ல அரிசி நிக்குதுன்னு படிச்சதும் எழுதணும்னு தோணுச்சு. எங்க ஏரியா பத்தி பாண்டிக்காரங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல, நாலு தூறல் போட்டாலே தெருவுல தண்ணி. எங்க குரூப்புல மூணு மாசத்துக்கு சேர்த்து எடுத்தா இன்னும் விலை குறையும்னு முடிவு பண்ணி, தீபாவளி சமயத்துல எடுத்து கீழ் போர்ஷன்ல மரப்பலகை போட்டு அடுக்கி வச்சிருந்தோம். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் வந்துச்சு. ஒரே நாள்ல 45 செ.மீக்கு மேல கொட்டித்தள்ளுச்சு, பலகையெல்லாம் எந்த மூலைக்கு? முழங்கால் தண்ணி உள்ள வந்துருச்சு. கரண்டும் இல்ல. தண்ணி வடிஞ்சு கதவ தொறந்தா உளுந்து மூட்டை ஊறி உப்பி தையல் பிரிஞ்சு கிடக்கு, அறை முழுக்க புளிச்ச மாவு வாடை. அரிசி அடி ரெண்டு வரிசை போச்சு. மேல் வரிசை நனையல, ஆனா ஈரக்காத்து பட்டு ரெண்டு வாரத்துல கட்டி கட்டியா ஆயிடுச்சு.

சாமான் போனதை விட, நஷ்டம் யாரோடதுங்கற பேச்சுலதான் குரூப்பே போச்சு. பணம் கட்டினவங்க "சாமான் எங்க கைக்கு வரலையே, காச குடு"ன்னாங்க. வீடு குடுத்தவங்க "எடம் ஓசியில குடுத்தேன், என் சோபாவும்தான் போச்சு, அதுக்கு யார் குடுக்கறது"ன்னாங்க. ரெண்டுமே நியாயம்தான். முன்னாடியே பேசி எழுதி வச்சிருந்தா இது நடந்திருக்காது.

அதனால வண்டி வந்த அன்னிக்கே எல்லாம் பிரிஞ்சு போயிடணும், ராத்திரி ஒரு கிலோ கூட தங்கக்கூடாது. ஸ்டாக் வச்சா நீங்க குரூப் இல்ல, குடோன். ஐப்பசி கார்த்திகை ரெண்டு மாசமும் மாசத்தேவைக்கு மேல எடுக்காதீங்க, கடலோர ஊர்ல வெள்ளம் வரலன்னாலும் காத்துல இருக்கிற ஈரமே போதும். முழு உளுந்து, முழு பயறுல வண்டு சீக்கிரம் விழும், உடைச்ச பருப்புல அவ்ளோ விழாது, அதனால முழுசு கொஞ்சமா எடுங்க. எங்க மாமியார் துவரம்பருப்புல விளக்கெண்ணெய் லேசா தடவி வெயில்ல காயவச்சு எடுத்து வைப்பாங்க, அதுல வண்டு வந்து நான் பாத்ததில்ல.

புளி, மிளகா, மல்லி மட்டும் விதிவிலக்கு, அதை மாசாமாசம் வாங்கறது வேஸ்ட். மாசி பங்குனியில புதுசு வர்றப்ப வருஷத்துக்கும் எடுத்து அன்னிக்கே வீடு வீடா குடுத்துடுங்க, காய வச்சு பத்திரப்படுத்தறது அவங்கவங்க பாடு.

---

பழைய_கணக்கர்

அம்மா, நான் கூட்டுறவுத் துறையில வேலை பாத்து ரிட்டயர்டு ஆனவன், இப்ப ரெட்டியார்பாளையத்துல இருக்கேன். உங்க பதிவ படிச்சப்ப சந்தோஷமா இருந்துச்சு. நூறு வருஷத்துக்கு முன்னாடி பேசின அதே சங்கதிதான்.

இங்கிலாந்துல ராச்டேல்னு ஒரு நெசவாளர் ஊர், 1844 டிசம்பர்ல 28 பேர் ஆளுக்கு ஒரு பவுண்டு போட்டு கடை திறந்தாங்க, மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் மாவு, மெழுகுவத்தி, அவ்ளோதான் சரக்கு. நம்ம பக்கம் 1904ல மெட்ராஸ்ல திருவல்லிக்கேணி அர்பன் கோஆபரேடிவ் சொசைட்டி வந்துச்சு. ராச்டேல்காரங்க ரெண்டு விஷயத்துல கறாரா இருந்தாங்க. கடன் கிடையாது, ரொக்கம் மட்டும். ரெண்டாவது, அடக்க விலைக்கு விக்கல, ஊர்ல என்ன விலையோ அதே விலைக்கு வித்தாங்க. மிஞ்சற லாபத்தை மூணு மாசத்துக்கு ஒரு தடவை, யார் எவ்ளோ வாங்கினாங்களோ அந்த அளவுக்கு பிரிச்சு குடுத்தாங்க.

உங்களுக்கு நான் சொல்றதும் அதுதான். அடக்க விலைக்கு குடுக்காதீங்க. அடக்க விலைங்கறது நல்ல மனசுல ஆரம்பிக்கறது, ஆனா ஒரு மூட்டை சேதமானாலே கைய விட்டு குடுக்கணும். கடையில கிலோ 70ன்னா நீங்க 67க்கு குடுங்க, 62க்கு வேண்டாம். அந்த அஞ்சு ரூபா பொதுப்பணத்துல சேரட்டும், சேதாரம், எடுக்காம விட்ட மூட்டை, தராசு, சாக்கு எல்லாம் அதுலேர்ந்து போகட்டும். தீபாவளிக்கு முன்னாடி கணக்கு பாத்து, வாங்கின அளவுக்கு தகுந்தபடி திருப்பி குடுத்துடுங்க. பலகாரச் சீட்டு போடற ஊருக்கு இதை விளக்கி சொல்லவே வேண்டியதில்லை.

சட்டம் பத்தி கேட்டிருந்தீங்க. 17 குடும்பம் சேர்ந்து தங்களுக்குள்ள வாங்கி பிரிச்சுக்கறதுக்கு கூட்டுறவு சங்கமா பதிவு பண்ணிதான் ஆகணும்னு இல்ல. தமிழ்நாட்டுல 1983 சட்டப்படி சங்கம் பதிய 25 பேர் வேணும், புதுச்சேரிக்கு 1972லேர்ந்து தனிச் சட்டம். பதிஞ்சா வருஷா வருஷம் தணிக்கை, பேரவைக் கூட்டம், தேர்தல்னு அதுவே ஒரு முழுநேர வேலை. அந்த அளவுக்கு வளர்ந்தா பாத்துக்கலாம். ஆனா குரூப்புக்கு வெளியில இருக்கிறவங்களுக்கு விக்க ஆரம்பிச்சா அது வியாபாரம், உணவுப் பாதுகாப்பு பதிவு எடுக்கணும், சின்ன வியாபாரத்துக்கு அடிப்படைப் பதிவு இருக்கு. அப்புறம், "ஆறு மாசத்துக்கு பணம் போடுங்க, கூட போட்டு தர்றோம்"ங்கற மாதிரி எதையும் ஆரம்பிச்சுடாதீங்க, டெபாசிட் சட்டத்துல மாட்டிக்குவீங்க, 2019லேர்ந்து கடுமையா இருக்கு.

பணம் உங்க சொந்தக் கணக்குல வரக்கூடாது. ரெண்டு பேர் பேர்ல ஒரு கூட்டு சேமிப்புக் கணக்கு தொடங்குங்க. மண்டி பில்லை போட்டோ எடுத்து குரூப்ல அன்னிக்கே போடுங்க. சந்தேகம் வர்றது மனுஷ சுபாவம், பில்லை பாத்தா போயிடும்.

---

மஞ்சக்குப்பம்77

ஐயா சொல்றது சங்கத்துக்கு சரி. ஆனா 17 வீட்டு குரூப்புல கடை விலைய விட மூணு ரூபாதான் கம்மின்னா யாரும்மா குட்டியானைக்கு காத்திருப்பாங்க, எதிர் கடையில வாங்கிட்டு போயிடுவாங்க. தீபாவளிக்கு திரும்ப வரும்னு சொன்னா "அது வரைக்கும் பணம் யார்கிட்ட இருக்கும்"ங்கறதுதான் அடுத்த கேள்வி. நாங்க அடக்க விலை மேல நூத்துக்கு ரெண்டு ரூபா மட்டும் வைக்கறோம், எங்களுக்கு பத்துது.

---

பழைய_கணக்கர்

தம்பி, ரெண்டு ரூபா உங்களுக்கு பத்துறதுக்கு காரணம் நீங்க முன்பணம் வாங்கறது. அதை விட்டுட்டு பாருங்க. சரி, எவ்ளோ வைக்கணுங்கறது அவங்க கூடி முடிவு பண்ணட்டும், ஒண்ணுமே வைக்காம இருக்கக்கூடாது, அதுதான் என் வாதம்.

---

குறிஞ்சிப்பாடி_வயக்காடு

விவசாயிகிட்ட நேரடியா எடுக்கறதப் பத்தி கேட்டீங்க, நான் நெல்லும் உளுந்தும் போடறவன், எங்க பக்கத்து நியாயத்தையும் சொல்றேன்.

டவுன்லேர்ந்து போன் பண்றவங்க ரெண்டு விதம். ஒருத்தர் "அண்ணே மாப்பிள்ளை சம்பா ரெண்டு கிலோ, கருப்பு கவுனி ஒரு கிலோ, சீரக சம்பா மூணு கிலோ, கொரியர்ல அனுப்ப முடியுமா"ம்பாரு. இன்னொருத்தர் "நேரடியா வாங்கறோம், அப்ப மண்டி விலைய விட கம்மியாத்தானே குடுக்கணும்"ம்பாரு. ரெண்டு பேர் கிட்டயும் எங்களுக்கு ஒண்ணும் ஓடாது. எனக்கு வேணுங்கறது ஒரே ஆள், ஒரே ரகம், முன்னாடியே இவ்ளோன்னு சொல்லணும், சொன்னதை எடுக்கணும்.

கணக்கு பாருங்க. 2025-26 சீசனுக்கு டிபிசியில (அரசு நெல் கொள்முதல் நிலையம்) சன்ன ரகம் குவிண்டாலுக்கு 2,545 ரூபா. 75 கிலோ மூட்டை ஒண்ணு 1,900 சொச்சம் வருது. அதை அவிச்சு அரைச்சா அரிசி 48 கிலோ நின்னா நல்ல நெல்லு. அப்ப அரிசி கிலோவுக்கு நாப்பது ரூபாகிட்ட நெல்லு விலையே ஆச்சு. அதுக்கு மேல அவியக்கூலி, அரவைக்கூலி, களத்துல காயவைக்க ஆளு, சாக்கு, வண்டி, அப்புறம் ஆறு மாசம் பழசாக்கி குடுன்னு கேப்பீங்க, அது வரைக்கும் என் பணம் முடங்கி கிடக்கும், எலி வேற. புது நெல்லு அரிசி குழையும்னு உங்களுக்கும் தெரியும். அதனால மண்டி விலைய விட கம்மியா விவசாயி குடுப்பாருன்னு எதிர்பாக்காதீங்க. கிடைக்கறது என்னன்னா, எந்த வயல் எந்த ரகம்னு தெரியும், கலப்பு இருக்காது, பாலிஷ் எவ்ளோ வேணும்னு நீங்க சொல்லலாம்.

17 வீட்டுக்கு மாசம் ஒரு சிப்பம்னு வச்சாலும் 440 கிலோ சொச்சம், பத்து மூட்டை நெல்லுக்கு கொஞ்சம் குறைச்சல். இது ஒரு விவசாயிக்கு ரொம்ப நல்ல ஆர்டர். தை மாசம் அறுப்புக்கு முன்னாடி வந்து பேசி, மூணுல ஒரு பங்கு அட்வான்ஸ் குடுத்து வச்சீங்கன்னா நெல்லாவே எடுத்து வச்சு, மாசாமாசம் தேவைக்கு அவிச்சு அரைச்சு அனுப்பலாம். நெல்லா இருக்கிற வரைக்கும் கெடாது, அரிசியாக்கினாதான் பிரச்சனை. அந்த ரெயின்போ நகர் அம்மா சொன்ன ஸ்டாக் தொல்லையும் உங்களுக்கு இருக்காது, அது எங்க பத்தாயத்துல தூங்கும்.

ஆரம்பத்துக்கு அரிசிய விட உளுந்து ஈசி. சம்பா அறுப்புக்கு பத்து நாள் முன்னாடி நிக்கிற பயிருக்குள்ளயே தூவி விடுவோம், பங்குனி சித்திரையில வந்துடும். தண்ணி பாய்ச்சறதில்ல, பனியிலயே விளையற பயிரு. அப்ப எல்லாரும் ஒரே நேரத்துல கமிட்டிக்கு (ஒழுங்குமுறை விற்பனைக்கூடம்) கொண்டுபோவாங்க, 100 கிலோ மூட்டை விலை சரியும், 2025-26க்கு ஆதரவு விலை 7,800ன்னு இருந்தும் அதுக்கு கீழ ஏலம் போற நாள் உண்டு. அந்த நேரத்துல நீங்க ஆதரவு விலைக்கு நூறு ரூபா கூட போட்டு எடுத்தா எனக்கும் லாபம், கடையில வெள்ளை உளுந்து விக்கிற விலைய பாத்தா உங்களுக்கும் லாபம். மில்லுல உடைச்சு தோல் எடுத்தா முக்கால் பங்கு பருப்பு நிக்கும். தோலோட அரைச்சு இட்லி போடறவங்க அப்படியே எடுத்துக்கலாம், எங்க வீட்ல தோல் உளுந்துதான்.

இன்னொண்ணு, கடலூர்லேர்ந்து பாண்டிக்கு அரிசி ஏத்திட்டு வர்றப்ப பில்லோ கைச்சீட்டோ வண்டியில இருக்கணும். ஆல்பேட்டை, முள்ளோடை செக்போஸ்ட்ல நிறுத்தினா மூட்டைய பாத்ததும் ரேஷன் அரிசியான்னு கேப்பாங்க. பாண்டிலேர்ந்து கடலூர் போற வண்டியத்தான் நல்லா குடைவாங்க, அது வேற சரக்கு தேடறது.

---

அண்ணாச்சிகடை_பையன்

எல்லாரும் ஒரே பாட்டா பாடறீங்க, நானும் ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. எங்க அப்பா நெல்லித்தோப்புல மளிகை வச்சிருக்காரு. எங்க தெருவுலயும் இந்த மாதிரி குரூப் இருக்கு. அரிசி எண்ணெய் எல்லாம் குரூப்ல எடுத்துடறாங்க, சரி, அது அவங்க காசு. ஆனா 25ம் தேதிக்கு மேல சம்பளம் வரலன்னா நோட்டுல எழுத எங்க கடைக்குத்தான் வர்றாங்க, ராத்திரி பத்து மணிக்கு பால் பாக்கெட்டு, ரெண்டு ரூபா கடுகு, அதுக்கும் நாங்கதான். அரிசி மூட்டையிலதான் எங்களுக்கு பணம் புரளும், கடுகுல இல்ல.

இன்னொரு விஷயம், முன்பணம் முன்பணம்னு சொல்றீங்க, 20ம் தேதி கையில மூவாயிரம் எடுத்து வைக்க முடியாத வீடு உங்க தெருவுல ஒண்ணு கூடவா இல்ல? வீட்டு வேலைக்கு வர்றவங்க, ஆட்டோ ஓட்டறவங்க, அவங்களுக்குத்தான் விலை குறையறது அவசியம், அவங்கதான் இந்த குரூப்புக்குள்ள வரவே முடியாது.

சரக்கு பத்தி ஒரு டிப்ஸ் குடுத்துட்டு போறேன். துவரம்பருப்பு வெறும் விலைய பாத்து எடுக்காதீங்க, ஒரு கை எடுத்து தேய்ச்சு பாருங்க, கையில மஞ்சளா ஒட்டினா சாயமா இருக்கலாம். ஒரு பிடி வேகவச்சு பாத்துட்டு மூட்டை சொல்லுங்க, நல்ல மண்டிக்காரர் சாம்பிள் குடுப்பாரு. முந்திரி எடுக்கறதா இருந்தா காடாம்புலியூர் பக்கம் 10 கிலோ டின்னா கிடைக்கும், முழுசுக்கும் ரெண்டா பிளந்ததுக்கும் விலை ரொம்ப வித்தியாசம், பாயாசத்துக்கு எதுக்கு முழுசு? 320ன்னு நம்பர் சொல்லுவாங்க, ஒரு பவுண்டுக்கு 300லேர்ந்து 320 பருப்பு நிக்கும்னு அர்த்தம். நம்பர் ஏற ஏற பருப்பு சின்னது.

---

லாஸ்பேட்டைக்காரி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. எண்ணெய் கணக்க பிரிண்ட் எடுத்து மாடி வீட்டு அக்காகிட்ட காட்டினேன், அவங்க அதை போட்டோ எடுத்து குரூப்ல போட்டு கீழ ஒரு ஸ்மைலி கூட போடல, அப்படியே விட்டுட்டாங்க. கேள்வி கேட்டவரு "ஓ அப்படியா"ன்னு மட்டும் பதில் போட்டிருக்காரு.

ஞாயித்துக்கிழமை மொட்டை மாடியில 17 வீட்டையும் கூப்பிட்டு பேசினோம், வந்தது 12 வீடு. முன்பணம் ஒத்துக்கிட்டாங்க. பழைய கணக்கர் ஐயா சொன்ன விலைக்கும் தம்பி சொன்ன விலைக்கும் நடுவுல நூத்துக்கு நாலு ரூபான்னு முடிவாச்சு, தீபாவளிக்கு கணக்கு பாத்து மிஞ்சினது வாங்கின அளவுக்கு திரும்ப போகும். கணக்கு அடுத்த அபார்ட்மெண்டுல ஒரு ரிட்டயர்டு டீச்சர் பாத்துக்கறாங்க, நானும் அவங்களும் பேர் போட்டு பேங்க்ல கூட்டுக் கணக்கு. தக்காளி கிடையாதுன்னு நான் சொன்னதும் ரெண்டு பேர் முணுமுணுத்தாங்க, பெரிய மார்க்கெட்டு பக்கத்துலதானே இருக்கு, போய் பொறுக்கிக்கட்டும்.

அண்ணாச்சி கடை தம்பி சொன்னது உறைச்சுது. எங்க நாலு வீட்டுக்கு வேலைக்கு வர்ற ஒரு அம்மா இருக்காங்க, குரூப்ல இல்ல, நாங்களும் கேட்டதில்ல. அவங்களுக்கு அரிசி மட்டும் பொதுப்பணத்துலேர்ந்து முன்னாடி போட்டு, அவங்க வாரா வாரம் குடுக்கறதுன்னு ஒரு பேச்சு வந்துச்சு. டீச்சருக்கு அதுல இஷ்டமில்ல, கடன் கிடையாதுன்னு எழுதி மை காயல அதுக்குள்ள கடனான்னு கேக்கறாங்க. அது இன்னும் முடிவாகல, மாடி வீட்டு அக்கா நான் போட்டுக்கறேன்னு சொல்லியிருக்காங்க இந்த மாசத்துக்கு.

குறிஞ்சிப்பாடி அண்ணே, உளுந்துக்கு மெசேஜ் அனுப்பியிருக்கேன் பாருங்க. தோலோட 60 கிலோ, உடைச்சது 40, இது முடியுமா, இல்ல ஒரே விதமாத்தான் எடுக்கணுமா?

தராசு ஒண்ணு வாங்கணும், எத்தனை கிலோ தராசு வாங்கறது? அதுக்கு முத்திரை வேணுமா?

---

குறிஞ்சிப்பாடி_வயக்காடு

முடியும்மா. ஆனா பருப்பு 40 கிலோ கைக்கு வரணும்னா உளுந்து 55 கிலோகிட்ட போடணும், அப்ப மொத்தம் 115 கிலோன்னு சொல்லுங்க. தோல் வேணும்னா அதையும் அனுப்பறேன், மாடு வச்சிருக்கிறவங்க யாராவது இருந்தா எடுத்துக்கட்டும்.

---

மஞ்சக்குப்பம்77

அக்கா 30 கிலோ எலக்ட்ரானிக் தராசு எடுங்க, 26 கிலோ சிப்பத்தையும் அப்படியே தூக்கி வச்சு செக் பண்ணலாம். வியாபாரத்துக்கு வச்சிருக்கிற தராசுக்குத்தான் வருஷா வருஷம் முத்திரை கட்டாயம், ஆனா முத்திரை வச்சதாவே வாங்குங்க, யாராச்சும் கேள்வி கேட்டா அதை காட்டிடலாம். பேட்டரி இருக்கிறதா பாருங்க, சாமான் எறங்கற அன்னிக்குத்தான் கரெக்டா கரண்டு போகும்.